தேசிய நீர்வழி எண் 55-இல் தண்ணீர் வேண்டி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
ஒரு படகு உரிமையாளர்,
காவிரிக் கரை, மோகனூர்,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம்,
நொய்டா.

பொருள்: மர மோட்டார் படகு – வீட்டிலேயே கட்டி முடித்தது – மிதக்கவிடத் தண்ணீர் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தேசிய நீர்வழிகள் சட்டம், 2016, அட்டவணை, வரிசை எண் 55.

ஐயா,

பார்வையில் கண்ட சட்டம் நாடு முழுவதும் 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழிகள் என்று அறிவித்திருக்கிறது. பவானியை அடுத்த ஊராட்சிக்கோட்டைக் கதவணையில் தொடங்கிப் பழையாற்றில் வங்கக் கடலைத் தொடும்வரை, காவிரியும் கொள்ளிடமும் சேர்ந்த 364 கிலோமீட்டர் அதில் 55-ஆவது. மோகனூர் அந்த வழியில் இருக்கிறது. பாலாறும் வைகையும்கூடப் பட்டியலில் இருப்பதைப் பார்த்தபோது, தங்கள் நம்பிக்கையின் ஆழம் புரிந்தது. ஆற்றின் ஆழம் பற்றித்தான் இந்த விண்ணப்பம்.

நெடுஞ்சாலை ஓரத்தில் வீடு இருப்பவர் லாரி வாங்குகிறார். நீர்வழி ஓரத்தில் வீடு இருப்பவன் படகு வைத்துக்கொள்வதுதானே முறை? வாங்க வசதியில்லை, கட்டத் தெரியும். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளிலேயே என் காலம் போயிற்று. லாரியில் ஏற்றியது வெளியே சிந்தக் கூடாது. படகில் வெளியே இருப்பது உள்ளே வரக் கூடாது. வேலை ஒன்றுதான், திருப்பிப் போட்டுச் செய்ய வேண்டும்.

முறையை இங்கிலாந்திலிருந்து எடுத்துக்கொண்டேன். 1963-இல் அங்கே ஒரு நாளிதழின் ஆதரவோடு 'மிர்ரர்' என்ற சின்னப் பாய்மரப் படகு வெளிவந்தது. ஜாக் ஹோல்ட் என்பவரும், தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சுவேலை சொல்லிக்கொடுத்த பாரி பக்நெல் என்பவரும் சேர்ந்து செய்த வடிவமைப்பு அது. பிளைவுட்டை அளவாக வெட்டி, ஓரத்தில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, தையல்மேல் கண்ணாடி இழை நாடாவை வைத்து ரெசின் பூசினால் படகு. கப்பல் தச்சர் வேண்டாம், வீட்டுக் கொட்டகை போதும். இதுவரை 70,000-க்கு மேல் கட்டியிருக்கிறார்கள். அவர்களில் யாரும் தண்ணீர் கேட்டு மனு எழுதியதாகத் தெரியவில்லை.

கடையில் ஐ.எஸ். 710 மரைன் பிளை கேட்டேன். "கிச்சனுக்குங்களா, பாத்ரூமுக்குங்களா?" என்றார் கடைக்காரர். படகுக்கு என்றேன். "எதுக்குன்னாலும் ஒரே ரேட்டுதானுங்க" என்று பில் போட்டார். பலகை எட்டடிக்கு நாலடிதான் வரும். படகு பதினாலு அடி. ஆகவே ஆறு மி.மீ. பலகையின் ஓரத்தை 48 மி.மீ. நீளத்துக்குச் சரிவாக இழைத்து, இரண்டு சரிவையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்ட வேண்டும். கனத்தைப் போல எட்டு மடங்கு சரிவு என்பது கணக்கு. அதில் குறைத்தால் வளைக்கும்போது ஒட்டு விட்டுவிடும். எபாக்சியில் இழைப்புத் தூளைக் குழைத்து உள்மூலைகளில் அப்பி, கரண்டியின் முதுகால் தேய்த்துவிட்டேன். அடியில் கண்ணாடி இழைத் துணி போர்த்தினேன். வெயில் எபாக்சியைத் தின்றுவிடும் என்பதால் மேலே பெயிண்ட். தண்ணீரிலிருந்து காப்பாற்ற என்று தொடங்கிய படகை இப்போது வெயிலிலிருந்து காப்பாற்றி வருகிறேன்.

பின்பலகையில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த பழைய அவுட்போர்டு மோட்டார் தொங்குகிறது. அடிப்பாகம் தண்ணீருக்குள் இருந்து, அதை உறிஞ்சினால்தான் மோட்டாருக்குக் குளிர்ச்சி. எனவே 200 லிட்டர் நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் விட்டு ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடுகிறது. இந்த மோட்டார் மோகனூரில் கண்ட ஒரே நீர்நிலை அந்த டிரம்தான். அதைத் தேசிய நீர்வழி எண் 112 ஆக அறிவிக்கத் தங்களுக்கு எண்ணம் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆண்டு முழுவதும் அதில் தண்ணீர் நிற்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் படகைச் சுற்றி வந்து, "ஏனுங்ணா, இதுல எத்தனை கோழி அடைக்கலாமுங்க?" என்று கேட்டார். பண்ணை வைத்திருப்பவர். கேலி செய்யவில்லை, விலை பேச வந்தார்.

சட்டத்துக்கு வருகிறேன். 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 வந்திருக்கிறது. இயந்திரத்தால் ஓடும் கலத்துக்குப் பதிவு வேண்டும், ஆய்வுச் சான்று வேண்டும், ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று வேண்டும், காப்பீடு வேண்டும். ஆர்.சி., எஃப்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் – நாமக்கல்காரனுக்கு இதையெல்லாம் விளக்கத் தேவையில்லை. ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்று நாடு முழுவதும் செல்லும் என்று வேறு சொல்லியிருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. இந்தச் சான்றோடு நான் பிரம்மபுத்திராவில் போகலாம். எதிர்க்கரையில் தெரியும் வாங்கல் என்ற ஊருக்குத்தான் போக முடியவில்லை.

வாங்கலுக்குப் போக வேறு வழி இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சேலம்–கரூர் ரயில் 2013 முதல் ஆற்றைத் தாண்டிப் போகிறது. சாலைப் பாலமும் வந்துவிட்டது. அதற்கு முன்பு பரிசல்தான். மூங்கிலைப் பின்னி, அடியில் தார் பூசி, ஒரே துடுப்பில் ஆளையும் மூட்டையையும் அக்கரை சேர்த்தார்கள். அப்போது இது தேசிய நீர்வழி இல்லை, போக்குவரத்து இருந்தது. இப்போது தேசிய நீர்வழி ஆகிவிட்டது, போக்குவரத்து இல்லை.

தங்கள் வகைப்பாட்டில் மிகச் சிறிய வகுப்பு நீர்வழிக்கே 1.2 மீட்டர் ஆழமும், அடியில் 30 மீட்டர் அகலமும் வேண்டும். அகலத்துக்குக் குறைவில்லை. கீழே போகப் போக இதற்கு அகண்ட காவிரி என்றே பெயர். ஆழமும் ஆங்காங்கே இருக்கிறது, மணல் அள்ளிய குழிகளில். இந்த நீர்வழியில் நான் பார்த்தவற்றில் மிகக் கனமான கலம் மணல் லாரிதான். அதற்கு பாடி கட்டியது நானாகவும் இருக்கலாம்.

ஒரு லிட்டர் டீசலில் சரக்கு சாலையில் 24 டன்-கிலோமீட்டர் போகும், ரயிலில் 85, நீர்வழியில் 105 என்ற கணக்கைத் தங்கள் தரப்பில் அடிக்கடி சொல்கிறார்கள். லாரி ஊரில் இதை உரக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனாலும் சொந்த அனுபவத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன்: திண்ணையோரம் நிற்கும் படகுக்கு எரிபொருளே ஆவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மரபுப்படி மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும். அதற்குப் பிறகு நீர்வழியில் நடந்து போகலாம். மாறாக, 2022 ஆகஸ்ட் போல மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி வந்தால், கரைப் பக்கமே போகாதே என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்வார்கள். அதுவும் சரிதான். இரண்டுக்கும் நடுவில் ஓடுவது பாசனத்துக்குப் போகும் முறைத் தண்ணீர். அதில் படகு விடலாமா என்று யாரைக் கேட்பது?

காவிரியில் கேட்காமல் சொட்டுத் தண்ணீர்கூட நகராது. நடுவர் மன்றம் 2007-இல் 740 டி.எம்.சி.யைப் பங்கு போட்டது: தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, சுற்றுச்சூழலுக்கு 10. 2018-இல் உச்ச நீதிமன்றம் நம் பங்கில் 14.75 குறைத்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது. நெல்லுக்கு இருக்கிறது, குடிக்க இருக்கிறது, மீனுக்கும் கணக்கு இருக்கிறது. படகுக்கு என்று ஒரு வரி இல்லை. இத்தனை பேர் கூடி அரைக்கால் டி.எம்.சி.க்கு வழக்காடும் ஆற்றை, ஒரு சட்டம் ஒரே வரியில் நீர்வழி ஆக்கிவிட்டது. அதை எதிர்த்துப் பங்குதாரர்கள் யாரும் வழக்காடியதாக எனக்குத் தெரியவில்லை. யாருடைய தண்ணீரும் குறையவில்லை என்பதால் இருக்கும். நான் அறிய வழக்கு இல்லாத காவிரித் திட்டம் இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதற்காகத் தங்களைப் பாராட்டுகிறேன்.

இத்தனைக்கும் படகு தண்ணீரைக் குடிப்பதில்லை. மேலே மிதந்துவிட்டு, இருந்த தண்ணீரை இருந்தபடியே விட்டுப் போகும். நடுவர் மன்றத்துக்கு இவ்வளவு நல்ல மனுதாரர் கிடைத்திருக்க மாட்டார்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

1. மோகனூருக்கும் கடலுக்கும் நடுவே மாயனூர் கதவணை, முக்கொம்பு, அணைக்கரை ஆகியவை இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் படகைத் தூக்கி மறுபுறம் வைக்க எத்தனை ஆள் வேண்டும் என்று தெரிவிக்கவும். லாரிக்கு பாடி ஏற்றும் ஆட்கள் என்னிடம் இருக்கிறார்கள். கூலியை யார் தருவது என்பதையும் தெரிவிக்கவும்.

2. பழைய சட்டத்தின் 2007 திருத்தம் அலையின் உயரத்தை வைத்து நீர்ப்பரப்பை மூன்று மண்டலங்களாகப் பிரித்தது: 2 மீட்டர், 1.2 மீட்டர், 0.6 மீட்டர். மே மாத மோகனூரில் மணல்தான் அலையலையாகக் கிடக்கிறது. அதற்கு எந்த மண்டலம்?

3. மேற்படி 740 டி.எம்.சி. கணக்கில் கடைசியாக ஒரு 4 டி.எம்.சி. இருக்கிறது. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போய்விடும் தண்ணீர் என்று அதை எழுதி வைத்திருக்கிறார்கள். அது யாருடைய பங்கும் அல்ல. எப்படியும் கடலுக்குத்தான் போகிறது, நானும் அங்கேதான் போக வேண்டும். அந்தத் தண்ணீர் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மோகனூரைக் கடக்கும் என்று முன்கூட்டித் தெரிவித்தால், படகோடு தயாராக நின்று கூடவே போய்விடுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
படகு உரிமையாளர் (தரைமார்க்கம்).

இணைப்பு: படகின் புகைப்படம் 1, டிரம்மின் புகைப்படம் 1.

நகல்: மேட்டூர் அணைப் பொறியாளர் அவர்கள், தகவலுக்காகவும், முடிந்தால் மதகுக்காகவும்.