ஹேஷ் அண்ணன்

சாஃப்ட்வேர் குழு என்று இருந்தால் இப்படி ஒருவர் இருந்தே தீருவார். எங்கள் குழுவில் இருப்பவரை ‘ஹேஷ் அண்ணன்’ என்போம், அவர் காதில் விழாமல். கோடிங்கில் ஓட்டை இருந்தால் அலட்டிக்கொள்ள மாட்டார். கமிட் மெசேஜில் #-க்குப் பக்கத்தில் ஓர் எண் தெரிந்தால் போதும், பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வருவார்.

“தம்பி, புஷ் பண்ணிட்டியா?”

“இன்னும் இல்லண்ணே.”

“அப்பாடா.”

அவர் பயம் வீண் பயமில்லை. கிட்ஹப்பில் ‘ஃபிக்ஸஸ் #12’ என்று எழுதி மெயின் கிளையில் சேர்த்தால் 12-ஆம் டிக்கெட் தானாக மூடிக்கொள்ளும். குளோஸ், ஃபிக்ஸ், ரிசால்வ், இவற்றின் திரிபுகள் என மொத்தம் 9 மந்திரங்கள். மந்திரத்துக்கு இலக்கணம் தெரியாது. யோக்கியமான பையன் ஒருவன் ‘திஸ் டஸ் நாட் ஃபிக்ஸ் #12’ என்று எழுதினான். ‘நாட்’ காற்றோடு போச்சு, டிக்கெட் மூடிக்கொண்டது. வாடிக்கையாளர் நெகிழ்ந்துபோய் நன்றி சொல்லி மெயில் போட்டார். அண்ணன் அதைப் பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

அதற்கப்புறம் நோய் முற்றிவிட்டது. #-ஐ விட்டுவிட்டு ‘டிக்கெட் 12’ என்றுதான் எழுத வேண்டும். ஒருத்தி சமத்தாக ‘ஜிஹெச்-12’ என்று போட, கிட்ஹப் அதையும் இழுத்துக் கட்டிவிட்டது. அண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ரீபேஸ் செய்து செய்து ஒரே கமிட்டை ஐந்து தடவை அனுப்புகிறவர்கள் மேல் தனிக் கடுப்பு. மொய் நோட்டில் ஒரே ஆள் பெயர் ஐந்து தடவை ஏறினாற்போல டிக்கெட்டின் கீழே அதே வரி நிற்குமே! ஜிராவில் இருந்த காலத்தில் ‘யூடிஎஃப்-8’ என்று எழுதவே யோசிப்பாராம். யூடிஎஃப் என்று எவனாவது ப்ராஜெக்டுக்குப் பெயர் வைத்திருந்தால்?

அவர் வாயாரப் புகழும் ஒரே சகா டிபெண்டபாட். அடுத்தவர் டிக்கெட்டைச் சொல்ல நேர்ந்தால் முகவரியைச் சுற்றுவழியில் திருப்பி எழுதும். அங்கே போய் ஒட்டாது. “மெஷினுக்கு இருக்கிற நாகரிகம்...” என்று பெருமூச்சு விடுவார்.

போன வாரம் அவரே ஒரு டிக்கெட்டை இணைக்க வேண்டி வந்தது. எடிட்டரில் ‘#40’ என்றே வரியைத் தொடங்கினார். #-ல் தொடங்கும் வரி கிட்டுக்கு வெறும் குறிப்பு. விழுங்கிவிட்டு, மெசேஜ் காலி என்று கையை விரித்தது. திட்டப்போகிறார் என்று பார்த்தோம். அவர் முகம் மலர்ந்தது.

“இதுக்கு மட்டும் அறிவு இருக்குடா” என்றார், ஆறிப்போன டீயை எடுத்தபடி.