உண்மை அமைச்சகத்திற்கு ஒரு தணிக்கை ஆட்சேபணை

ஓஷியானியா தேசத்து உண்மை அமைச்சகத்தின் காரியதரிசி அவர்கள் சமூகத்திற்கு,

ஐயா,

ஜார்ஜ் ஆர்வெல் என்பவர் 1949 ஜூன் மாதத்தில் ‘1984’ என்ற நாவலின் வாயிலாகத் தங்கள் அந்தரங்கங்களை உலகறியச் செய்த நாள் முதலாக, பண்டிதரும் பாமரரும் தங்களைக் கொடுங்கோன்மையின் சிகரமென்று அச்சத்தோடு பேசி வருவதை அறிவேன். ஆயினும், ஆயுள் முழுவதும் கணக்குப் புத்தகங்களோடு மல்லாடி ஓய்வு பெற்ற எனக்கு, அந்நூலை வாசிக்கும்போதெல்லாம் தங்கள் கொடுமையைக் காட்டிலும் தங்கள் ஊதாரித்தனமே உள்ளத்தை வருத்துகிறது.

300 மீட்டர் உயரக் கட்டடம். தரைக்கு மேல் மட்டும் 3,000 அறைகள். பழைய பத்திரிகைகளைத் திருத்தி எழுத ஒரு பட்டாளம். மூலப் பிரதிகளை விழுங்கச் சுவர்தோறும் ஞாபகப் பொந்து, கட்டடத்தினுள் எங்கோ மறைவில் உலை! போதாக்குறைக்கு, கட்சியின் கீழ்நிலை உறுப்பினர் வீடுகளில் அவர்களை வேவு பார்க்கும், அணைக்க முடியாத தொலைத்திரை வேறு. இக்காலத்து மனிதனோ, தன்னை வேவு பார்க்கும் கருவியைத் தவணைமுறையில் தானே வாங்கி, தன் மின்சாரத்திலேயே இரவெல்லாம் அதற்கு உயிரூட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, விடிந்ததும் ஆண்டவனை நினைக்குமுன் அதன் முகத்தில் விழிக்கிறான். நிபந்தனைகளை வாசித்துச் சம்மதித்ததாகப் பொத்தானையும் அழுத்துகிறான். (வாசித்தவரை நான் கண்டதில்லை; அடியேனும் வாசித்ததில்லை.)

அடுத்த ஆட்சேபணை இதனினும் கடுமையானது. தங்கள் பிரஜைகளில் 100-க்கு 85 பேராகிய தொழிலாளி வர்க்கத்தாருள் பெரும்பாலோர் வீட்டில் தொலைத்திரையே கிடையாதாமே! கவனிக்கத் தகாதவர்கள் என்று அவர்களை ஒதுக்கிய அலட்சியத்தை எந்தத் தணிக்கையாளன் மன்னிப்பான்? இன்றைய வணிகர் அத்தகைய பேதம் பாராட்டுவதில்லை. மூட்டை தூக்குபவனாயினும் முதல் வகுப்புப் பிரயாணியாயினும், அவன் எந்தப் படத்தின்முன் எத்தனை விநாடி தயங்கினான் என்பது வரை குறித்துக்கொண்டு, அதற்கேற்ற விளம்பரத்தைக் காட்டி ஆதாயமும் அடைகிறார்கள்.

வற்புறுத்தாமலே வசப்படுத்துவது சிக்கனம் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பன்று. ஈட்டன் பள்ளியில் ஆர்வெலுக்குப் பிரெஞ்சு கற்பித்த ஆல்டஸ் ஹக்ஸ்லி, நாவல் வெளியான அதே ஆண்டு அக்டோபரிலேயே தம் பழைய மாணவருக்கு எழுதிய கடிதத்தில், அடித்து உதைத்துப் பணியவைப்பதைவிட ஜனங்கள் தங்கள் அடிமைத்தனத்தை நேசிக்கும்படி செய்வதே ஆள்வோருக்குச் சிக்கனமான வழி என்னும் கருத்தைத் தெரிவித்திருந்தார். தாங்கள் அதைக் கோப்பில் சேர்த்ததாகத் தெரியவில்லை.

ஞாபகப் பொந்துக்கும் இனித் தேவையில்லை. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமையில்லாதவர் வெளியிட்டவை என்ற காரணத்தால், வாசகர்கள் விலை கொடுத்து வாங்கித் தங்கள் கிண்டில் கருவிகளில் வைத்திருந்த சில புத்தகங்களைத் தூரத்திலிருந்தபடியே அழித்துவிட்டது. உலையில்லை, புகையில்லை, பணமும் திரும்பக் கிடைத்தது. ஒரு பள்ளி மாணவன் எழுதி வைத்திருந்த குறிப்புகள் மட்டும் மூலமின்றி அநாதைகளாயின. நிறுவனத் தலைவர் பிற்பாடு மன்னிப்புக் கேட்டார். அவ்வழக்கம் தங்கள் அமைச்சகத்தில் இல்லையென்பதையும் நேர்மையாகக் குறித்தாக வேண்டும். அழிந்த புத்தகங்களுள் ஒன்று ‘1984’.

மேற்கண்ட ஆட்சேபணைகளுக்குத் தங்கள் சமாதானத்தை 30 நாட்களுக்குள் எதிர்பார்க்கிறேன். தயைகூர்ந்து அதைக் காகிதத்தில் எழுதித் தபாலிலேயே அனுப்பவும்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஒரு தணிக்கையாளன்