போர்க்கால அடுப்பு

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்ததாகப் பள்ளிப் புத்தகம் சொல்கிறது. அமெரிக்க அடுப்படியில் அது 1996 வரை நடந்தது. போருக்குச் செம்பு வேண்டும், மிச்சம் பிடியுங்கள் என்று சொல்லி, மின்சார அடுப்புக்குத் தனி எர்த் கம்பி வேண்டாம், நியூட்ரலே அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கட்டும் என 1940களில் விதியைத் தளர்த்தினார்கள். தற்காலிகமாகத்தான். தற்காலிகம் என்று எழுதிவிட்டால் எதற்கும் ஆயுசு கெட்டி.

ஏற்பாடு ஒழுங்காக ஓடும், நியூட்ரல் விட்டுப்போகாத வரை. விட்டுப்போனால் அடுப்பின் தகர உடம்பில் 120 வோல்ட் ஏறி நிற்கும். ஒரு கையை அதிலும் மறு கையைத் தண்ணீர்க் குழாயிலும் வைப்பவருக்குப் போர்வீரர் பதக்கமும் கிடையாது.

1996 விதிப்படி, புதிதாக இழுக்கும் இணைப்புக்கு நாலு கம்பி கட்டாயம். பழைய மூன்று கம்பி வீடுகளுக்குச் சலுகை தொடர்கிறது. தாத்தா சொத்து அல்லவா! அதனால் பல புது அடுப்புகளும் நியூட்ரலையும் உடம்பையும் இணைக்கும் பட்டையோடே வந்து இறங்குகின்றன. நாலு கம்பி மாட்டினால் அதைக் கழற்றியாக வேண்டும். கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது. கையேடு, அட்டைப்பெட்டியோடு குப்பை வண்டியில் போய்க்கொண்டிருக்கிறது.