சம்பளமில்லாத தலைமையாசிரியை

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளைப் பூட்டியதும் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான புதுப் பள்ளிக்கூடங்கள் திறக்கப்பட்டன. அடிக்கல் நாட்டவில்லை, ரிப்பன் வெட்டவில்லை, சுவரொட்டிகூட ஒட்டவில்லை. இவை மூன்றும் இல்லாமல் நம் ஊரில் ஒரு திட்டம் தொடங்குகிறதென்றால், அதன் செலவு வேறு யார் தலையிலோ விழுந்துவிட்டது என்று பொருள்.

இங்கே அது வீட்டிலிருந்த பெண்ணின் தலையில் விழுந்தது. தகுதித் தேர்வு, கலந்தாய்வு, பணி நியமன ஆணை எதுவும் இல்லாமலேயே அவள் தலைமையாசிரியை ஆனாள். அவளே கணக்கு டீச்சர், அவளே சத்துணவு அமைப்பாளர், ஆயா, வாட்ச்மேன். மாநிலத்தின் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்களையும் மூடியாகிவிட்டதால், வீட்டிலிருக்கும் கைக்குழந்தையும் தவழும் குழந்தையும் அவளுடைய ‘கூடுதல் பொறுப்பு’. அரசு ஊழியருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்தால் படி உண்டு. இவளுக்கு வடிக்கக் கஞ்சி உண்டு.

பள்ளி நடந்த அழகைச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்புக்காரனுக்கு இயற்கணிதம், நாலாம் வகுப்புக்காரிக்கு ஆங்கிலம், இரண்டும் ஒரே நேரத்தில், ஃபோன் ஒன்றே ஒன்று. ஒன்றரை வயதுக்காரனுக்கு இயற்கணிதத்தில் நாட்டமில்லை, ஃபோனில் உண்டு. அவனைப் பிடுங்கித் தூக்கினால் வீரிட்டு அழுவான். உடனே ஃபோனிலிருந்து மிஸ்ஸின் குரல் வரும்: “யார் வீட்டுல சத்தம்? மியூட்ல போடுங்க.” பல வீடுகளில் அந்த ஒற்றை ஃபோனும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்கு அது திரும்பி வந்த பிறகுதான் பள்ளி மணி அடிக்கும். அதற்குள் சின்னது தூங்கிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே பெரியவனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்த பெண்கள் எத்தனை பேர்! ஃபோன் இல்லாவிட்டால் அரசு கேபிளில் 200ஆம் எண், கல்வித் தொலைக்காட்சி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏழாம் வகுப்பின் நேரத்தில் சின்னவனுக்குச் சுட்டி டிவி வேண்டும் என்பதைக் கால அட்டவணை போட்டவர் யோசித்திருக்க மாட்டார். அவர் வீட்டில் அதைச் சமாளிக்க வேறொருத்தி இருந்திருப்பாள்.

மிஸ்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் மடியிலும் ஒரு பிள்ளை இருந்திருக்கும். தனியார் பள்ளிகளில் பல ஆசிரியர்களுக்குச் சம்பளம் பாதியானது, சிலருக்கு வேலையே போனது.

டெல்லியில் இருந்தவர்களுக்குக் கருணை அதிகம். 2020 ஜூலையில் இணையவழி வகுப்புகளுக்கு ‘பிரக்யதா’ என்று வழிகாட்டு நெறிமுறை வந்தது. எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் வீதம் இரண்டு வகுப்புகளுக்கு மேல் கூடாது, திரை பார்த்துப் பிள்ளைகள் கண் கெட்டுவிடும். மிகச் சரி. மிச்ச நேரமெல்லாம் யார் பொறுப்பு, அவள் கண் என்ன ஆகும் என்பதற்கு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. அதே மாதம் 29ஆம் தேதி புதிய கல்விக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று வயதிலிருந்தே முறையான கல்வியாம். அந்த மூன்று வயது அப்போது அடுக்களையில் அரிசி டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் இன்னொரு நகைச்சுவை. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு வெளியானது. தன் வீட்டு வேலையைச் செய்த பெண் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம். ஆண் 97 நிமிடம், அதுவும் வீட்டுவேலையில் கைவைத்த ஆண்களின் கணக்கு. நூற்றுக்கு 26 பேர்தான் கைவைத்திருக்கிறார்கள். அது 2019இல் எடுத்த கணக்கு, அதாவது பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வருவதற்கு முன்பு. மிச்சம் 74 பேரில் எத்தனை பேர் அடுத்த வருடம் கதவைச் சாத்திக்கொண்டு ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ பார்த்தார்கள் என்று எந்த ஆய்வும் கேட்கவில்லை. “மீட்டிங்ல இருக்கேன், பசங்க சத்தம் வராமப் பாத்துக்கோ” என்பதே அவர்கள் கல்விக்கு ஆற்றிய தொண்டு.

மூடியதில் ஒரு வரிசை உண்டு, திறந்ததிலும் உண்டு. டாஸ்மாக் 2020 மே 7இலேயே திறந்தது. உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும் அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கி ஒன்பதே நாளில் மறுபடி திறந்தது. தியேட்டர்கள் அந்த நவம்பரிலேயே. எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1இல். இடையில் ஆட்சி மாறியது, வரிசை மாறவில்லை. பள்ளிக்காக அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடவில்லை. கட்டணத்துக்காக நீதிமன்றம் போன தனியார் பள்ளிகள் உண்டு. முதல் தவணையாக 40 சதவீதம் வாங்கிக்கொள்ள அனுமதியும் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொன்னவள் தன் பங்கைக் கேட்டு எந்த நீதிமன்றத்துக்குப் போவாள்? போனால் சின்னவனை யார் பார்ப்பது?

இவ்வளவும் வீட்டிலிருக்க முடிந்த அம்மாவின் கதை. வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணின் கதை வேறு. ஊரடங்கில் தளர்வு வந்ததும் அவள் வேலைக்குப் போயாக வேண்டும், அங்கன்வாடியோ பூட்டிக் கிடக்கிறது. எட்டாம் வகுப்பு மகளின் இடுப்பில் கடைக்குட்டியை ஏற்றிவிட்டுப் போனாள். தேர்வே இல்லாமல் அந்த மகளுக்கும் ‘ஆல் பாஸ்’. தொழிற்சாலையில் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கும் வேண்டும் என்றது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம். நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள் எந்தக் கணக்கிலும் வரமாட்டாள். அவளுக்குக் காப்பகம் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்தான். பிறகு பள்ளி திறந்ததும், பிள்ளைக்குக் ‘கற்றல் இழப்பு’ என்று அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். இழந்தது யாரால் என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

இழப்பை ஈடுகட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லும் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் அது வேலை, தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் அது பாசம் என்ற நம் கணக்கை அது அம்பலமாக்கிவிட்டது. பாசத்துக்கு யாரும் ரசீது கேட்பதில்லை என்பது அரசுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

அடுத்த தொற்றோ வெள்ளமோ வரும்போது மறுபடி பள்ளியைப் பூட்டுவீர்கள். அந்த அரசாணையில் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்: பெரிய பிள்ளைக்குப் பாடம் நடக்கும் நேரத்தில் சின்னதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார், அவருக்குக் கூலி எவ்வளவு. எழுத மனமில்லையென்றால் டாஸ்மாக்கைப் பூட்டிவிட்டு அங்கன்வாடியைத் திறந்து வையுங்கள்.