சுண்ணாம்பு டப்பா வழக்கு

என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், பொற்காலத்தை அவிழ்த்துவிடுவார்கள். பம்பரம், கோலி, நுங்கு வண்டி, பிலிம் துண்டு. காசே செலவழிக்காமல் எப்படி விளையாடினோம் தெரியுமா என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் செல்போனை நோண்டிக்கொண்டிருக்கும் பிள்ளையை ஒரு முறை முறைப்பார்கள். காசு செலவழிக்கவில்லை என்பது வாஸ்தவம்தான். திருடினோம். அந்த ஒரு சொல் மட்டும் கதையிலிருந்து எப்படியோ நழுவிவிடுகிறது.

எண்பதுகளில், கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் டவுசர் போட்டுத் திரிந்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு வருகிற தண்ணீர். அதில் ஒரு முழ அகலக் கிளை வாய்க்கால் எங்கள் தெருமுனையை ஒட்டிப் போகும். பள்ளிக்கூடம் விட்டதும் அதை மறித்து அணை கட்டுவோம். தெருவில் பென்னிகுவிக்குகள் மட்டுமே நாலு பேர்; யார் நிஜ பென்னிகுவிக் என்பதில் தினமும் மண்டை உடையும். 1895ல் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி முடித்த வெள்ளைக்காரர் பென்னிகுவிக், சொந்த ஊர் சொத்தை விற்றுக் கட்டினார் என்பது எங்கள் பள்ளத்தாக்கின் வேதவாக்கு. பத்திரம் எங்கே என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், டீ வராது.

அணை உடையும் என்று கேரளா சொன்னதில், 1979ல் அதன் நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கிவிட்டார்கள். திண்ணையில் பெருசுகள் அதையே பேசிக்கொண்டிருந்ததால் எங்கள் அணையிலும் ஒரு குச்சி நட்டு இரண்டு கோடு போட்டிருந்தோம். இருப்பதிலேயே பொடியன், எதிர்வீட்டுப் பையன், அவன்தான் கேரளா. "உடையப் போகுது, உடையப் போகுது" என்று கத்துவதுதான் அவன் வேலை. நிஜ அணை நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது, எங்களுடையது பத்து நிமிஷத்தில் உடையும். ஆக, அவன் சொன்னது ஒவ்வொரு தடவையும் பலித்தது. பலித்ததற்காக ஒவ்வொரு தடவையும் கொட்டு வாங்கினான். கடைசியில் அவன் பெயரே கேரளாவாகிவிட்டது.

அணை ஏன் நிற்கிறது என்பதை வகுப்பில் சார் சொன்னார். சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பும் சுர்க்கியும். சுர்க்கி என்றால் செங்கல் தூள். எதிர்வீட்டுத் தாழ்வாரத்து ஓடு இரண்டை இறக்கி நுணுக்கிக்கொண்டோம். சுண்ணாம்புக்கு அப்பத்தாவின் டப்பா. உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை டப்பா, பிறந்த வீட்டுச் சீராக வந்தது, மூடியில் சின்னச் சங்கிலி. வழித்து எடுக்க நேரமில்லாமல் டப்பாவோடு தூக்கிவந்தேன். அன்றைக்கு அணை முழுசாக அரை மணி நேரம் நின்றது. பிறகு உடைந்தது. டப்பாவும் கூடவே போனது. முல்லைப்பெரியாற்றில் இறங்கி, வைகையில் சேர்ந்து, கணக்குப்படி மதுரைக்குப் போயிருக்க வேண்டும்.

அப்பத்தா ஊரைக் கூட்டினாள். காலையில் வெற்றிலை போட வந்து உட்கார்ந்தது கேரளாவின் அம்மா. தீர்ப்புக்கு வேறென்ன வேண்டும்? அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நல்ல பிள்ளையாக நின்றேன்.

அடுத்தது சினிமா. டாக்கீஸில் ரீல் அறுந்தால் ஆபரேட்டர் கிழிந்த துண்டை வெட்டி எறிவார். கொட்டகைக்குப் பின்னால் குப்பையில் கிடப்பது யாருக்கும் சொந்தமில்லை என்பது எங்கள் சட்டம். குப்பைக்குப் போகாததும் சில சமயம் எங்கள் பைக்கு வந்தது. பிலிமில் ஓர் அடிக்கு 16 கட்டம், திரையில் நொடிக்கு 24 கட்டம் ஓடும். என்னிடம் இருந்த துண்டில் நாலு கட்டம். அதாவது முழுநீளப் படம் ஒன்றில் ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு எனக்குப் பாத்தியம். அந்த ஆறில் ஒரு பங்கு முழுக்க யாரோ ஒருவருடைய முதுகு. எம்.ஜி.ஆர் முதுகு என்று சொல்லித்தான் புளியங்கொட்டை வசூலித்தேன்.

படம் காட்டப் பியூஸ் போன குண்டு பல்பு வேண்டும். பியூஸ் போகாவிட்டால் கவட்டை இருக்கிறது, தெருவிளக்கு இருக்கிறது. ஆனால் அப்படி விழுகிற பல்பு முழுசாக விழாது என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் தெருவே இருட்டாகியிருந்தது. முழுசாகக் கிடைத்ததன் வாய்க் கட்டையைத் தட்டி எடுத்து, உள்ளே இருக்கும் கம்பியை உருவி, தண்ணீர் ஊற்றினால் லென்ஸ் தயார். மாட்டுக் கொட்டத்தை இருட்டாக்கி, அப்பாவின் வேட்டியைத் திரையாகக் கட்டி, வெளியே வெயிலில் ஒருவன் அக்காவின் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்தைக் கதவு ஓட்டை வழியாக உள்ளே அடிப்பான். சூரியன் நகர நகர அவனும் நகர வேண்டும். கண்ணாடி பிடித்தவன் கேரளா. நாங்கள் போட்ட நூறு காட்சியில் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை.

அல்லிநகரத்திலிருந்து போன பாரதிராஜா 1977ல் '16 வயதினிலே' எடுத்துவிட்டதால், பல்புக்குத் தண்ணீர் ஊற்றியவன் ஒவ்வொருவனும் தன்னை அடுத்த டைரக்டர் என்று நினைத்துக்கொண்டான். பண்ணைப்புரம் கதை இன்னும் மோசம். இளையராஜாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன் என்று என்னிடமே சொன்னவர்களை வரிசையாக உட்கார வைத்தால், அந்த பெஞ்ச் கோம்பை தாண்டிப் போகும்.

இரும்புக்கை மாயாவி சிவகாசியிலிருந்து வந்தார். 1972ல் தொடங்கிய முத்து காமிக்ஸ். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் என் பெயர் எழுதியிருந்ததில்லை. இரவல் வாங்கியது, திருப்பித் தராதது. மாயாவி உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். மின்சாரம் எடுப்பதே நம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், லோயர் கேம்ப்பில்தான். ஆனாலும் சாயங்காலம் எங்கள் ஊர் பல்பு அழுகிற அழுகைக்கு, மாயாவி இடுப்பு வரைக்கும்தான் மறைந்திருப்பார் என்பது எங்கள் ஆராய்ச்சி முடிவு. பரிசோதனைக்குக் கேரளாவை பம்ப்செட் அறைக்குக் கூட்டிப்போனோம். தொட்டான். தூக்கி எறிந்ததில் வைக்கோல் படப்பில் போய் விழுந்தான். எழுந்து கேட்ட முதல் கேள்வி, "நான் தெரியுறேனாடா?"

இல்லை என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். சிலர் அவனைத் தேடவும் செய்தார்கள்.

அவன் நேராகப் பக்கத்துத் தோட்டத்துக்குள் நடந்தான். காவல்காரர் கட்டிலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருக்க, அவர் மூக்குக்கு நேரே எட்டிப் பந்தலிலிருந்து ஒரு கொத்து பன்னீர் திராட்சையைப் பறித்தான். 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதற்காக முதலில் அடி வாங்கியவன் கேரளா.

போடி ரயில் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1928ல் வந்த மீட்டர் கேஜ் பாதை. போடிக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் சட்டைப் பையிலிருந்து அஞ்சு பைசாவை எடுத்துத் தண்டவாளத்தில் வைப்பேன். ரயில் ஏறினால் காசு காந்தமாகிவிடும் என்பது அகில இந்திய நம்பிக்கை. அஞ்சு பைசா அலுமினியம். இமயமலையே ஏறி இறங்கினாலும் அது காந்தமாகாது. சித்தப்பாவுக்கு என்னால் போன மொத்த நஷ்டம் இரண்டு ரூபாய்க்குள் இருக்கும்.

2010 கடைசியில் அந்தப் பாதையை நிறுத்தினார்கள். அகலப் பாதையாக மாறி 2023 ஜூனில் மறுபடி ரயில் போடிக்கு வந்தது. சில நாள் கழித்து அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு போடியிலிருந்து தேனி வரைக்கும் சும்மா ஒரு சவாரி போனேன். மகன் செல்போனில் இருந்தான். நான் பொற்காலத்தை ஆரம்பித்தேன். காசு, காந்தம், அணை என்று போன வேகத்தில் வாய் தவறிச் சுண்ணாம்பு டப்பாவும் வெளியே வந்துவிட்டது.

அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "தெரியும்டா. கேரளாப் பய அன்னைக்கே எங்கிட்ட வந்து சொல்லிட்டான்."

"அப்புறம் ஏம்மா அப்பத்தாகிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவன் ஆத்தா, பழியோட இருக்க முடியாதுன்னு கம்பத்துல புது பித்தளை டப்பா வாங்கியாந்து குடுத்துட்டா. ஒங்க அப்பத்தாளும், பாத்தியா திருடுனவதான குடுப்பான்னு வாங்கி வச்சுக்கிட்டா. பித்தளை விக்கிற வெலைக்கு, வந்தது வந்துருச்சுன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்."

"அது எங்க இப்ப?"

"நீ பிரஷர் மாத்திரை போட்டு வச்சிருக்கியே, அதுதான்."

மகன் செல்போனை விட்டு நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான், என் அம்மாவைப் பார்த்தான். "நம்ம வீட்ல வேற என்னெல்லாம் இருக்கு?" என்றான்.