கொம்பியூட்டர் தம்பி

கொட்டகலைப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு கோயில், ஒரு பிள்ளைமடுவம், ஒரு கொம்பியூட்டர் தம்பி இருப்பது உறுதி. ஏ.எல். முடித்தவர். ஜெர்சிப் பையில் எப்போதும் இரண்டு பென் ட்ரைவ். "விண்டோஸ் கொஞ்சம் ஸ்லோ, தம்பி" என்று வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது. நீங்கள் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வருவதற்குள் ஹார்ட் டிஸ்க்கில் பாகப்பிரிவினை முடிந்து லினக்ஸ் குடியேறியிருக்கும்.

பிறகொரு நாள் ஹட்டனில் யாரோ விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுப்பார்கள். பழைய மெஷின் என்றால், டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் விண்டோஸ் தன் சங்கதியை எழுதிவிடும். எந்த சிஸ்டம் வேண்டுமென்று தொடக்கத்தில் கேட்கும் க்ரப் மெனு போய்விடும்; லினக்ஸ் கண்ணிலேயே படாது. தம்பியின் முகம் மலர்வது அப்போதுதான்.

"பெரட்டுக்களத்துக்குப் புதுக் கங்காணி வந்து பழைய ஆளுக பேரை வெட்டிட்டாரு, டீச்சர். ஆளுக லயத்துலதான் இருக்காங்க. க்ரப்பைத் திருப்பிப் போட்டா எல்லாருக்கும் பேர் விழும்."

தானாகவே சரிசெய்யும் மென்பொருள் இருக்கிறதே என்று கேட்டால், பாவம் பார்ப்பதுபோல உங்களைப் பார்ப்பார். கையால்தான் போட வேண்டும். பென் ட்ரைவில் மெஷினை எழுப்பி, லினக்ஸ் பகுதியை மவுண்ட் செய்து, சிஎச்ரூட் வழியாக உள்ளே புகுந்து, க்ரப்-இன்ஸ்டால், அப்டேட்-க்ரப் என்று கறுப்புத் திரையில் தட்டுவார். "அந்த 512ல புரோகிராமுக்கு 446தான், டீச்சர்." யாரும் கேட்கவில்லை.

மெனு வரும். அதில் விண்டோஸ் இருக்காது. மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர், 2021இல் வந்த க்ரப் 2.06 பதிப்பிலிருந்து அணைத்துவைக்கப்பட்டே வருகிறதாம். ஒரு வரி திருத்தம், ஒரு ரீஸ்டார்ட். விண்டோஸ் வந்துவிடும். ஆனால் காலை ஏழரைக்கு அதிகாலை இரண்டு மணி காட்டும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை மெஷினில் எழுதிவைக்க, விண்டோஸ் அதையே இலங்கை நேரமென்று நம்பி ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கிவிடுகிறது. இன்னொரு திருத்தம். இன்னொரு ரீஸ்டார்ட்.

இத்தனை சிஸ்டம் போட்டவர், எதற்குள்ளும் போய் ஒரு கடிதம் அடித்ததையோ ஒரு பாட்டுக் கேட்டதையோ கண்டவர் கிடையாது. மெனு நிற்கும் அந்தச் சில வினாடிகள்தான் அவருக்குத் திருவிழா. உள்ளே போனதும் சலித்துப்போய் மறுபடி ரீஸ்டார்ட்.

"கேக்காமலே இன்னொரு லினக்ஸும் போட்டிருக்கேன், டீச்சர். இப்ப மூணு ஓடுது!"

"சந்தோசம் தம்பி. நாளைக்குப் பரீட்சை. வினாத்தாள் பிரின்ட் எடுக்கணும். எதுல வரும்?"

தம்பி மெனுவை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"பஜார் கொமியூனிகேஷன்ல வரும், டீச்சர்."