சட்டி கழுவிய நீரின் கதி: டிக்கோயாக் கூடாரவாசிகள் குறித்து ஓர் ஆய்வு

கூடாரமடித்துத் தங்குவோரின் தண்ணீர்ப் பழக்கம் பற்றி அறிஞர்கள் போதிய அக்கறை காட்டவில்லை. அவர்கள் வீட்டிலேயே குளித்துவிட்டு ஆய்வுக்கு வருவது காரணமாக இருக்கலாம். அக்குறையைப் போக்க முனையும் இக்கட்டுரையின் களம், டிக்கோயாவை அடுத்த காசல்ரீ நீர்த்தேக்கக் கரை. ஆய்வுப் பொருள், கொழும்பிலிருந்து வார இறுதியில் வந்திறங்கும் பொடியன்களும் அவர்களுடைய கருவாட்டுச் சட்டியும்.

முதலில் நல்ல தண்ணீர். அகதி முகாம்களிலேயே ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் வேண்டும் என்பது உலக அளவில் ஏற்ற கணக்கு. ஆறு பேருக்கு 90 லீற்றர், அதாவது 90 கிலோ. அதை மேட்டில் சுமக்க வேண்டும் என்று தெரிந்ததும் பல் விளக்கும் ஆசை கூட்டத்தில் திடீரென வற்றிவிடுகிறது. பிறகு பிறக்கிறது விஞ்ஞானம். ஒன்றரை லீற்றர் போத்தலின் அடியை வெட்டி, கொய்யாக் கிளையில் தலைகீழாகக் கட்டி, மூடியை அரைத் திருகு தளர்த்தினால் நூலாகத் தண்ணீர் இறங்கும். கை கழுவலாம். முகம் கழுவப் போனவர் மூக்கோடு நிறுத்திக்கொள்வார். ஆனாலும் கட்டியவருக்கு, 1918இலேயே இம்மலை நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதிய பொறியியலாளர் விமலசுரேந்திரவின் வாரிசு என்ற நினைப்பு வந்துவிடும்.

அழுக்குத் தண்ணீரில்தான் அறிஞரிடையே பிளவு. கண்ணில் படாத இடத்தில் ஊற்றினால் அது இல்லாமற் போய்விடும் என்பது பொடியன்கள் கட்சி. நூலோர் கட்சி வேறு: பருக்கையை வடித்தெடு, நீர்நிலைக்கு 60 மீற்றர் தள்ளிப்போ, மண்ணில் பரவலாக வீசு, மிச்சத்தை மண்ணின் நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். 'இயற்கைச் சவர்க்காரம்' என்று உறையில் அச்சடித்திருந்தாலும் ஓடைக்குள் அதற்கு வேலையில்லை.

மூன்றாவது லயத்துக் கட்சி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் குடும்பத்தோடு இருந்து, பீலியில் குடம் பிடித்து, அரிசி களைந்ததைக் கீரைப் பாத்திக்கும் மற்றதைக் கானுக்கும் ஊற்றி, இவர்கள் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவருவதைத்தான் பொடியன்கள் காசு கொடுத்து இரண்டு நாள் செய்துபார்க்கிறார்கள். இக்கட்சியின் கோட்பாட்டை, கொழுந்துக் கூடையோடு அவ்வழியே வந்த ஆயா ஒருவர் நின்ற நிலையில் சொல்லி முடித்தார்: "தம்பிமாரே, அங்கன கழுவாதீங்க. இந்தக் கான் தண்ணிதான் பணிய லயத்துப் பீலிக்குப் போவுது."

பணிய லயத்தோடு அது நிற்பதில்லை என்பதே இவ்வாய்வின் பங்களிப்பு. காசல்ரீயில் கலந்த நீர், விமலசுரேந்திர மின்நிலையத்தில் சுழலியைச் சுற்றி, நோர்ட்டன்பிரிட்ஜ் கடந்து, 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்சபானவில் மறுபடி உழைத்து, பொல்பிட்டியவில் மூன்றாம் முறை முறிந்து, களனி கங்கையாகி, அம்பத்தலையில் சுத்திகரிப்புக்குப் பின் கொழும்புக் குழாய்களுக்குள் நுழைகிறது. சட்டி கழுவிய பொடியனோ ஞாயிறு பின்னேரம் ஹட்டனில் ரயிலேறுகிறான். இருவரில் வீட்டுக்கு முந்திப் போய்ச் சேருவது யார் என்பது தனியான கள ஆய்வுக்குரியது.